கலெக்டர் டிரமன்ஹீரும் நம் பாட்டனார் நிலமும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்விழாவில், ஒருவருடைய வாழ்வையும் பணியையும் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும், பண்டிதர் அயோத்திதாசரைப் பற்றியும் இம்மேடையில் பலமுறை நல்ல உரைகள் நிகழ்ந்துள்ளன. இன்று நான் எடுத்துக்கொண்டவர் நம்மவர் அல்லர். அவர் ஓர் ஆங்கிலேயர். வரி வசூலிப்பதற்காகச் சீமையிலிருந்து வந்த உத்தியோகஸ்தர். பெயரைச் சொன்னவுடன் செயலாளர், "ஐயா, வெள்ளைக்காரக் கலெக்டருக்கு நம் விழாவில் என்ன வேலை?" என்று கேட்டார். கேட்டது நியாயமே. அதற்கு விடை சொல்லவே இங்கு நிற்கிறேன்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி டிரமன்ஹீர். 1853 இல் பிறந்து 1912 இல் மறைந்தவர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் நாட்டுக் குடும்பம் அவருடையது. அதே மரபில் வந்த ஹ்யூ சீமோர் டிரமன்ஹீர் என்பவர், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் உழைத்த ஏழைகளின் நிலையை நேரில் ஆராய்ந்து, அரசாங்கத்துக்கு அறிக்கை மேல் அறிக்கையாக எழுதிப் பெயர் பெற்றவர். அறிக்கை எழுதும் கை அந்தக் குடும்பத்துக்கே வாய்த்தது போலும்! நம் டிரமன்ஹீர் இந்தியன் சிவில் சர்வீஸ் உத்தியோகத்தில் சென்னை ராஜதானிக்கு வந்தார். 1891 இல் செங்கற்பட்டு ஜில்லாவின் தற்காலிகக் கலெக்டராக இருந்தார்.

செங்கற்பட்டு என்றவுடன், அது எங்கோ தெற்கே உள்ள ஊர், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இளைஞர்கள் நினைக்கக்கூடும். அந்நாளில் இராயபுரம் சென்னைப் பட்டணத்தைச் சேர்ந்தது. பட்டணத்தின் எல்லையைத் தாண்டி வடக்கே நடந்தால் திருவொற்றியூர். அது செங்கற்பட்டு ஜில்லா. எண்ணூர், அதற்கப்பால் பொன்னேரி, எல்லாம் செங்கற்பட்டு ஜில்லாவே. கலெக்டரின் தலைமையிடமோ செங்கற்பட்டில் இல்லை, சைதாப்பேட்டையில் இருந்தது. ஆகவே, நாம் இன்று கூடியிருக்கும் இந்தக் கடலோரப் பகுதியில் பெரும்பகுதி அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்த நிலந்தான். நம் பாட்டன்மார் முப்பாட்டன்மார் எந்த ஊர்களிலிருந்து துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் ஆலைகளுக்கும் பிழைக்க வந்தார்களோ, அந்த ஊர்களும் பெரும்பாலும் அவருடைய ஜில்லாவைச் சேர்ந்தவையே.

அவர் 1891 இல் ஓர் அறிக்கை எழுதினார். "செங்கற்பட்டுப் பறையர்களைப் பற்றிய குறிப்புகள்" என்பது அதன் பொருள்படும் தலைப்பு. அந்தப் பெயரைச் சொல்லச் சிலர் கூசுகின்றனர். அக்கால ஆவணங்களில் அதுவே உள்ளது. மூடி மறைத்துச் சொன்னால் ஆவணத்தைத் தேடிப் போகும் இளைஞனுக்கு அது கிடைக்காமற் போகும். தாத்தா சீனிவாசனாரே தம் பத்திரிகைக்குப் "பறையன்" என்று பெயர் சூட்டி 1893 இல் வெளியிட்டார் என்பதை நினைவிற் கொள்க.

அந்த அறிக்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அன்றைய செங்கற்பட்டுக் கிராமம் எவ்வாறு நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். பொறுமையோடு கேட்க வேண்டும்.

செங்கற்பட்டு, கும்பெனியார் 1763 இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற சீமை. அங்கே கிராம நிலம் முழுவதும் பங்குகளாகக் கணக்கிடப்பட்டது. அந்தப் பங்குகளை வழிவழியாக உடையவர்கள் மிராசுதாரர்கள். காணியாட்சி என்றும் இதைச் சொல்லுவர். பயிர் செய்யும் நிலம் மட்டுமன்று. தரிசு, மேய்ச்சல், மரம், குளத்தின் மீன் வரைக்கும் தங்களுக்கே உரிமை என்று அவர்கள் கூறினார்கள். ஊருக்கு வெளியே இருந்த சேரி நத்தமும் தங்களுடையதே என்றார்கள். கும்பெனியார் காலத்துக் கலெக்டர்கள் இந்த உரிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கிய எல்லிஸ் துரையும் மிராசைப் பற்றி ஒரு பெரிய விளக்கம் எழுதியுள்ளார். அந்தப் பக்கங்களில் எல்லாம் சேரியில் இருந்தவன் நிலத்தோடு சேர்ந்த உழைப்பாகவே வருகிறான். நிலத்துக்கு உரிமை கேட்கக் கூடியவனாக வருவதில்லை.

பிற்காலத்தில், தரிசு நிலம் வேண்டுமென்று எவரும் தாசில்தாருக்குத் தர்க்காஸ்து மனுச் செய்யலாம் என்று விதி ஏற்பட்டது. காகிதத்தில் பார்த்தால் அழகான விதி. ஆனால் செங்கற்பட்டில் மனு வந்தவுடன் கிராமத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். முதல் உரிமை மிராசுதாரருக்கு. அவர் வேண்டாம் என்றால் ஊரில் பட்டா உடைய மற்றவருக்கு. அதற்கும் பிறகே வெளியாளுக்கு. சேரியில் நூறு தலைமுறை வாழ்ந்தவனும் இந்தக் கணக்கில் வெளியாள்தான்! ஒருவன் துணிந்து மனுச் செய்தால், அதுவரை அந்தத் தரிசைத் திரும்பியும் பாராத மிராசுதாரர், "அது எனக்கு வேண்டும்" என்பார். அல்லது, "மாடு மேய்கிற இடம்" என்று ஆட்சேபணை எழுதுவார். ஆட்சேபணையை எழுதி அனுப்ப வேண்டிய கணக்குப்பிள்ளையும் கிராம முன்சீபும் யார் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தோடு முடியவில்லை. மனுச் செய்தவன் அன்று மாலை எங்கே போய்ப் படுப்பான்? அவன் குடிசை நிற்கும் மண் மிராசுதாரருடையது என்று சொல்லப்படுகிறது. நிலம் கேட்டவனுடைய குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொன்னால் அவன் போகத்தான் வேண்டும். ஆகவே வீட்டுமனை உரிமை இல்லாதவனுக்கு நில மனு என்பது பெயரளவில் உள்ள உரிமையே.

இனி உழைப்பைப் பார்ப்போம். பிள்ளைக்குக் கலியாணம், பத்தோ இருபதோ ரூபாய் கடன் வேண்டும். வாங்கினான். கடனுக்கு ஈடாகத் தன் உழைப்பையே எழுதிக்கொடுத்தான். படி அளந்து கூலி கொடுப்பார்கள்; ஆதலால் படியாள் என்று பெயர். கூலி வயிற்றுக்கே போதாது. கடன் எப்படித் தீரும்? தந்தை பட்ட கடனுக்கு மகன் ஆளானான். 1843 ஆம் ஆண்டின் 5 ஆம் சட்டம், அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 1862 இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது. சட்டப் புத்தகத்தின்படி அடிமை முறை ஒழிந்துவிட்டது. ஆனால் படியாள் இருந்த இடத்திலேயே இருந்தான். கடன் சீட்டு அவனைக் கட்டி வைத்திருந்தது.

டிரமன்ஹீர் செய்தது இதுதான்: இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து எழுதினார். குடிசையை எழுதினார்; உணவை எழுதினார்; உழைப்பை எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகளைச் சான்றாகக் காட்டினார். சட்டத்தில் ஒழிந்த அடிமைத்தனம் நடைமுறையில் இருக்கிறது என்று, அந்தச் சட்டத்தை இயற்றிய அரசாங்கத்துக்கே எழுதினார். ஜில்லாவின் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்த நிலையில் வாழ்கிறார்கள் என்றால், அதை ஏதோ சில முரடர்கள் செய்யும் கொடுமை என்று தள்ளிவிட முடியாது.

அவர் காலத்தில் உத்தியோகஸ்தர்கள் நம் மக்களைப் பற்றி எழுதியவற்றை நான் ஓரளவு படித்திருக்கிறேன். குடிப்பவர்கள், சோம்பேறிகள், நாளைய நினைப்பு இல்லாதவர்கள் என்றே பலர் எழுதினார்கள். இன்றும் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடவில்லை. டிரமன்ஹீர் காரணத்தை நம் குணத்தில் தேடவில்லை. நிலம் இல்லாமையிலும், மனை இல்லாமையிலும், கடன் சீட்டிலும், எழுத்தறிவு கிடைக்காமையிலும் தேடினார். ஆகவே பரிகாரமும் அதற்கேற்பவே கேட்டார்: நிலம் கொடுங்கள், மனையை அவர்களுக்கே உரிமையாக்குங்கள், உழைப்பு ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்துங்கள், பள்ளிக்கூடம் வையுங்கள். அவர் நம்மைக் கண்டு இரங்கினாரா என்பதை நான் ஆராயவில்லை. இரக்கம் பலரிடம் இருந்தது. காரணத்தைச் சரியாகக் கண்டார் என்பதற்காகவே அவரை நினைக்கிறேன்.

அவர் தனி ஒருவராக நின்றார் என்று எண்ணிவிடக் கூடாது. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பாதிரியாரும், திருவள்ளூர்ப் பக்கத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி பாதிரியாரும் இதே நிலக் கேள்வியை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, நம்மவர்களின் எழுச்சி. அதே 1891 ஆம் ஆண்டில்தான் சீனிவாசனார் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அவர் பிறந்த கோழியாளமும் செங்கற்பட்டுச் சீமையிலேயே உள்ளது. அதே ஆண்டு டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். கலெக்டர் மேசையில் ஒரு காகிதம், சபைகளில் தீர்மானங்கள், மிஷன் பங்களாக்களில் மனுக்கள். ஒரே ஆண்டில் இத்தனையும் நடந்தன. நம் வரலாற்றை ஒரு வெள்ளைக்காரர் தொடங்கி வைத்தார் என்று யாராவது எழுதினால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறிக்கைக்கு என்ன நேர்ந்தது? மிராசுதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். கலெக்டர் மிகைப்படுத்துகிறார் என்றார்கள். அரசாங்கமோ நிலவரி செலுத்தும் மிராசுதாரர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. 1892 செப்டம்பர் 30 ஆம் நாள், ரெவின்யூ இலாகாவிலிருந்து 1010 எண்ணுள்ள ஆணை வெளிவந்தது. நம் கூட்டங்களில் நாம் அடிக்கடி முழங்கும் எண் இதுதான். ஆனால் இளைஞர்களே, இவ்விடத்தில் நாம் நேர்மையாக இருக்கவேண்டும். சிலர் இதைப் பார்லிமெண்டு இயற்றிய சட்டம் என்று எழுதுகிறார்கள். அது சட்டமன்று, சென்னை அரசாங்கத்தின் ஆணை. மேலும் அந்த ஒரே ஆணையினால், ஒரே நாளில், பன்னிரண்டு லட்சம் ஏக்கர் நமக்கு வழங்கப்பட்டுவிடவுமில்லை. டிரமன்ஹீர் கேட்டதில் ஒரு பகுதியையே அரசாங்கம் ஏற்றது. உழைப்பாளர் நிலை அவர் சொல்லும் அளவுக்குக் கொடியதன்று என்றே எழுதியது. இக்காலத்து ஆவணங்களை ஆழமாக ஆராய்ந்து ரூபா விஸ்வநாத் என்னும் வரலாற்றாசிரியர் 2014 இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்தால், அறிக்கைக்கும் ஆணைக்கும் உள்ள தூரம் நன்கு விளங்கும். நம் நூலகத்துக்கு அதை வாங்க வேண்டுமென்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பின் ஏன் அந்த ஆணையை நினைவுகூர்கிறோம்? ஒரு கதவு சிறிது திறந்தது. பின் வந்தவர்கள் அதைத் தள்ளித் திறந்தார்கள். 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்காக வெளிவந்த ஆணை அடுத்தது. சேரிகளில் பள்ளி வைக்கவும், பள்ளிகளுக்கு மானியம் தரவும் அது வழி செய்தது. கல்விச் சங்கத்தார் என்ற முறையில் அந்த ஆண்டையும் நாம் குறித்துவைக்க வேண்டும். பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேல் மெல்ல நகர்ந்தது. 1920 வாக்கில் லேபர் கமிஷனர் என்ற பதவி ஏற்பட்டது. எம்.சி. ராஜா சட்டசபைக்குள் அமர்ந்து கேள்விகள் கேட்டார். நிலம் ஒதுக்குவது, மனைக்கட்டு வாங்கிக் கொடுப்பது, கிணறு வெட்டுவது, பள்ளி நடத்துவது எல்லாம் லேபர் இலாகாவின் வேலையாயின. நம் மூத்தோர் "லேபர் ஸ்கூல்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி அதுவே. பஞ்சமி நிலம் என்றும், டி.சி. நிலம் என்றும் நாம் கூறும் நிலத்தில் பெரும்பகுதி இவ்வாறு பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாக வழங்கப்பட்டதே. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படும் தொகை இராஜதானி முழுவதையும் சேர்த்த கணக்கு.

அந்த நிலங்களுக்கு நிபந்தனைப் பட்டா கொடுத்தார்கள். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ கூடாது. அதன் பிறகு கைமாற்றினாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்ற வேண்டும். மீறினால் அரசாங்கம் நட்ட ஈடின்றி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நம்மிடமிருந்து நிலம் எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய நிபந்தனை இது.

இங்கே என் குடும்பத்துக் கதையைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை.

என் பாட்டனார் பொன்னேரிக்கு மேற்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் தம் இளமையிலேயே இராயபுரத்துக்கு வந்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். "ஊரில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பார். நாங்களும் அப்படியே நம்பினோம். என் தந்தையாரும் துறைமுகத் தொழிலாளி. நான் எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இராப்பள்ளியில் படித்து மேலே வந்தவன்.

1986 இல் என் பாட்டியார் காலமானார். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். ஒரு பழைய புடவை, வெற்றிலைப் பை, அவற்றின் அடியில் துணியில் சுற்றிய ஒரு காகிதம். மடிப்புகளில் கிழிந்திருந்தது. மை மங்கியிருந்தது. பாட்டனார் பெயர் இருந்தது. ஊர்ப் பெயர் இருந்தது. 2 ஏக்கர் 40 சென்ட் என்று இருந்தது. ஒரு மூலையில் டி.சி. என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. படித்தவன் என்று என்னை எல்லாரும் மதித்தார்கள். அந்த இரண்டு எழுத்துகளின் பொருள் எனக்குத் தெரியவில்லை! தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தாம் விளக்கினார். அதன்பின் பெரிய அத்தையை விசாரித்தேன். பாட்டனாருக்கு ஓராண்டு விஷக்காய்ச்சல் கண்டது. ஊரில் ஒருவரிடம் எண்பது ரூபாய் வாங்கினார். வெற்றுத் தாளில் கைரேகை வைத்தார். நிலம் போயிற்று என்று எண்ணிக்கொண்டார். அதன் பிறகே பட்டணம் வந்தார். பட்டா மட்டும் பாட்டியிடம் தங்கிவிட்டது. ஏன் மறைத்தார் என்று அத்தையைக் கேட்டேன். "வெட்கம், வேறென்ன?" என்றார்.

கைரேகை வைத்த அந்தத் தாள் நிபந்தனைக்கு விரோதமானது. செல்லாதது. பாட்டனார் அதை அறியாமல் சாகும்வரை மூட்டை சுமந்தார். அறிந்திருந்தால் மீட்டிருப்பாரா? உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. கடன் கொடுத்தவரை எதிர்த்து அந்த ஊரில் அந்நாளில் வழக்காட யாரால் முடியும்? ஆனால் "ஒன்றுமில்லை" என்று பேரனிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நான் அந்த ஊருக்குப் போனேன். நிலத்தில் ஒரு நெல் அரைக்கும் ஆலை நின்றது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினேன், பலமுறை எழுதினேன். பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்று ஒரு விடை வந்தது. பிறகு விடையே வரவில்லை. நிலம் இன்றுவரை மீளவில்லை. மீட்டுவிட்டேன் என்று சொல்லிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை.

என் கதை தனிக் கதையன்று. 1979 இல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பழைய பதிவேட்டில் இருந்ததைப் புதிய பதிவேட்டுக்கு மாற்றும் வேளையில், பஞ்சமி நிலங்கள் பல, அனுபவத்தில் வைத்திருந்தவர் பெயருக்கே ஏறிவிட்டன என்பது இவ்வழக்குகளை நடத்தியோர் தொடர்ந்து கூறிவரும் குற்றச்சாட்டு. நிலத்தை மீட்கும் போராட்டமும் டிரமன்ஹீருடைய பழைய ஜில்லாவிலேயே கனன்றது. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணை மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கலெக்டர் நிலம் கொடுக்கச் சொல்லி எழுதிய அதே ஜில்லாவில், கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் சுடப்பட்டார்கள். 2008 இல் சென்னை உயர்நீதிமன்றம், பஞ்சமி நிலத்தை நிபந்தனைக்கு மாறாகப் பிறருக்குக் கைமாற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2019 இல் வெளிவந்த "அசுரன்" திரைப்படத்தின் வாயிலாகப் பஞ்சமி நிலம் என்ற சொல் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. படம் பார்த்த என் பேத்தி, "தாத்தா, நமக்கும் இருந்ததா?" என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

டிரமன்ஹீரிடம் திரும்புவோம். அவருக்கு நம் சேரிகளில் படம் மாட்டி மாலை போடுவோரும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர் சேவித்தது ஓர் அந்நிய அரசாங்கத்தை. அவர் அறிக்கை எழுதுவதற்குப் பதினைந்தே ஆண்டுகளுக்கு முன், 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், அந்த அரசாங்கம் நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கணக்குப் போட்டது. பஞ்சத்துக்குத் தப்பிப் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களில் நம் முன்னோர்கள் எத்தனை பேர்! இந்தத் துறைமுகத்திலிருந்து பர்மாவுக்கும், மொரீஷியசுக்கும், நேட்டாலுக்கும் கப்பலேறிய கூலிகளில் எத்தனை பேர் செங்கற்பட்டுச் சேரிகளிலிருந்து வந்தவர்கள்! நிலம் இருந்தவன் கப்பலேறவில்லை. அந்த அரசாங்கத்துக்குள் அமர்ந்து, அதன் சம்பளத்தை வாங்கிக்கொண்டே, அதன் மனத்துக்கு உவப்பில்லாத ஓர் உண்மையை ஒருவர் கோப்பில் ஏற்றினார். அந்த அளவுக்கு அவரை மதிக்கிறேன். நம் பிள்ளைகளில் இன்று சிலர் அரசாங்க அலுவலகங்களில் அமர்ந்திருக்கிறார்கள். தாசில்தார்களும் இருக்கிறார்கள். கோப்பில் ஏற்றிய உண்மைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் உண்டு என்பதை அவர்களும் அறிவார்கள்.

மிராசுதாரர்கள் மறுத்தார்கள், அரசாங்கம் பாதி ஏற்றது, கலெக்டர் சீமைக்குத் திரும்பினார், அறிக்கை மட்டும் அழியவில்லை. 1990களில் நிலம் கேட்டு எழுந்தவர்கள் அதைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

என் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நான் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமென்று கேட்டபோது, "நீ யார்?" என்றார்கள். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இன்று எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும். 'ஏ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். பழைய பதிவேட்டில் இருப்பதையும் புதியதில் இருப்பதையும் தனித்தனியே கேட்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால், வேறுபட்ட ஆண்டையும் அதற்கு ஆதாரமான உத்தரவையும் கேட்க வேண்டும். மாலை வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கிறோம்; நன்று. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைப் படிக்கவும் கற்பிக்க வேண்டுமென்று நான் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்துள்ளேன். இவ்விழா முடிந்தவுடன் அதை எடுத்துக்கொள்வதாகத் தலைவர் அவர்கள் வாக்களித்துள்ளார்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிறு முதல், காலை ஒன்பது மணிக்கு நம் படிப்பகத்தில் அமர்ந்திருப்பேன். இராயபுரமோ, திருவொற்றியூரோ, எண்ணூரோ, எங்கிருந்தாயினும் வருக. வீட்டிலுள்ள பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பாட்டிமார் உயிரோடு இருந்தால் ஊர்ப் பெயரையும், நிலத்துக்கு வழங்கிய பெயரையும், பக்கத்து நிலத்துக்காரர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காகிதம் ஏதேனும் கிடைத்தால் மடிப்பைப் பலவந்தமாகப் பிரிக்காமல், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாமல், இருக்கிறபடியே கொண்டு வாருங்கள். என் பாட்டனாருடைய பட்டாவையும் அன்று மேசைமேல் வைத்திருப்பேன்; அந்த இரண்டு எழுத்துகள் எவ்விடத்தில் இருக்கும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.